மருந்தில்லாத தீவனம் கேட்டு வாங்கிய இரத்தக் கழிச்சல்

கறிக்கோழிக்கு மஞ்சள், பூண்டு, வேப்பிலை என்று கொடுத்து ஆன்டிபயாடிக் இல்லாமல் வளர்க்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் நினைக்கிறார்கள். நினைப்பில் தவறே இல்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. அதற்குப் பிறகும் அங்கே கறிக்கோழி வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வர என்னென்ன மாற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆயிரம் குஞ்சு விட்ட முதல் மூலிகை பேட்சில் 138 கோழி செத்தது. தப்பியவை ஆறு நாள் கூடுதலாக நின்றும் எடை வரவில்லை. அதில் பாதிக்கு மேல் என் அறியாமையால் போனது. அது இன்னொருவருக்கு நடக்க வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

தவறு தொடங்கியது ஒரு சொல்லில். தீவன ஆலையில் "மருந்தே இல்லாத தீவனம் வேண்டும்" என்று கேட்டேன். அவர்கள் நான் கேட்டதை அப்படியே செய்து கொடுத்தார்கள். வளர்ச்சிக்காகக் குறைந்த அளவில் போடும் ஆன்டிபயாடிக்கோடு, காக்சிடியா வராமல் தடுக்கும் மருந்தும் போய்விட்டது. இரண்டும் வேறு வேறு என்பதே எனக்கு அன்று தெரியாது. காக்சிடியா என்பது பாக்டீரியா அல்ல. குடல் சுவருக்குள் புகுந்து பெருகி இரத்தக் கழிச்சலைத் தரும் ஒரு செல் ஒட்டுண்ணி. அதைக் கட்டுக்குள் வைக்க ஒரு டன் தீவனத்துக்கு சாலினோமைசின் 60 கிராம் அளவிலோ, மதுராமைசின் 5 கிராம் அளவிலோ, மோனென்சின் 100 முதல் 120 கிராம் அளவிலோ சேர்ப்பது வழக்கம். மூட்டையில் "மருந்து இல்லை" என்று இருந்தால் இதுவும் இல்லையா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. சில தாவரச் சாறுகள் காக்சிடியாவின் முட்டைகளை எச்சத்தில் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் தடுப்பு மருந்தை எடுத்துவிட்டு அதை மட்டும் நம்பி ஒரு முழு ஷெட்டை விடும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல. மருந்தே வேண்டாம் என்பவருக்கு வேறு வழி காக்சிடியா தடுப்பூசி. குஞ்சு முதல் நாளில் இருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும். அதில் இருப்பது உயிருள்ள காக்சிடியா. ஆகவே அதைப் போட்டால் தீவனத்தில் தடுப்பு மருந்து இருக்கக் கூடாது.

அடுத்த தவறு அளவு. மஞ்சள் தூள் 1 சதவீதம், பூண்டுத் தூள், வேப்பிலைத் தூள், வெந்தயத் தூள் தலா அரை சதவீதம். ஆக டன்னுக்கு 25 கிலோ, தயாரித்த தீவனத்தின் மேல் அப்படியே கொட்டினேன். நல்லதுதானே, கொஞ்சம் கூடப் போனால் என்ன என்ற நினைப்பு. ஆயிரம் கிலோ தீவனம் 1,025 கிலோ ஆனதும் 22 சதவீதமாக இருந்த புரதம் ஏறக்குறைய 21.5-க்கு இறங்கிவிடுகிறது. எரிசக்தி, அமினோ அமிலம், தாது உப்பு எல்லாமே அதே விகிதத்தில் நீர்த்துப் போகும். இதோடு வேப்பிலையின் கசப்பும் வெந்தயத்தில் இருக்கும் சப்போனின் என்ற கசப்புப் பொருளும் சேர்ந்து, தீனி எடுப்பது குறைந்தது. ஏழாம் நாள் குஞ்சின் எடை, வந்து இறங்கிய எடையைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 42 கிராம் குஞ்சு 168 கிராமைத் தாண்டியிருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 140. முதல் வாரத்தில் விட்ட எடையைப் பிறகு பிடிப்பது மிகக் கடினம். அன்றே மூலிகையைப் பாதியாகக் குறைத்திருக்க வேண்டும். "மூலிகை மெதுவாகத்தான் வேலை செய்யும்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இன்னொன்றையும் கவனித்தேன், ஆனால் அதன் பொருள் அப்போது புரியவில்லை. தீவனத் தட்டில் மக்காச்சோளக் குருணையையும் சோயாவையும் பொறுக்கித் தின்றுவிட்டு, அடியில் ஒரு விரல் கனத்துக்கு மஞ்சள் நிறப் பொடியை விட்டுவைத்திருந்தன. கோழி அலகால் பொறுக்கித் தின்னும் பிராணி, மாவு போன்ற பொடியை அது விரும்பாது. ஆகவே நான் கலந்ததில் பெரும்பகுதி இரண்டு மூன்று நாள் உள்ளே போகவே இல்லை. பிறகு தட்டு காலியாகும்போது பசியில் அந்தப் பொடியை மொத்தமாகத் தின்றன. ஒரு நாள் பூஜ்யம், ஒரு நாள் நான்கு மடங்கு என்று போனால் எந்தச் சேர்மானமும் பலன் தராது.

பதினெட்டாம் நாள் மழை. ஒரு பக்கத் தார்ப்பாய் வழியாகச் சாரல் அடித்து, தரையில் பரப்பிய உமிக் கூளம் நனைந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் அங்கங்கே எச்சம் செம்பழுப்பாகத் தெரிந்தது. இங்கேதான் இரண்டு நாளை இழந்தேன். மஞ்சள் கொடுக்கும்போது எச்சத்தின் நிறம் மாறத்தான் செய்யும், அதுதான் இது என்று விட்டுவிட்டேன். மஞ்சள் கொடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்: மஞ்சளால் வருவது ஒரே சீரான மஞ்சள் நிறம், எல்லா எச்சத்திலும் இருக்கும். சில எச்சத்தில் மட்டும் செம்பழுப்போ, சிவப்புச் சளியோ தெரிந்தால் அது நிற மாற்றம் அல்ல, இரத்தம். சந்தேகம் இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் எச்சத்தைத் தேய்த்துப் பாருங்கள். இருபத்தோராம் நாள் 9 கோழி செத்தது, மறுநாள் 31. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒன்றன் மேல் ஒன்று ஒண்டி நின்றன. கொண்டை வெளுத்துவிட்டது. செத்ததை எடுத்து வெளியே போட்டுவிட்டு உள்ளே வந்தால் இன்னும் நான்கு. அந்த வாரம் ஷெட்டுக்குள் நுழையவே பயமாக இருந்தது.

கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் விரல் போல இரண்டு குருட்டுக்குடல் உண்டு. இயல்பாக அது மெலிந்து, பழுப்புக் கூழோடு இருக்கும். இதில் இரண்டும் இரண்டு மடங்கு வீங்கி, கருஞ்சிவப்பாக, உள்ளே உறைந்த இரத்தம் நிரம்பியிருந்தது. ஐமீரியா டெனெல்லா என்ற வகை செய்யும் வேலை இது. ஈரமான கதகதப்பான கூளத்தில் விழுந்த முட்டை இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தின்ற ஐந்தாம் ஆறாம் நாள் இரத்தம் தெரியும். அப்படியென்றால் என் மழைச்சாரல் இதைத் தொடங்கி வைக்கவில்லை. ஏற்கனவே உள்ளே நடந்துகொண்டிருந்ததை அது இன்னும் பரப்பிவிட்டது, அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு ஆம்ப்ரோலியம் தண்ணீரில். லிட்டருக்கு 240 மில்லிகிராம் மருந்து, அதாவது 20 சதவீதப் பொடி என்றால் 1.2 கிராம், ஐந்து நாள். பிறகு கால் பங்கு அளவில் ஒரு வாரம். இதில் ஒரு முக்கியமான சங்கதி: ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 போல நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றும் மருந்து. கோழி சோர்ந்திருக்கிறதே என்று அதே நாட்களில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றினால் மருந்தின் வேலையை நாமே கெடுக்கிறோம். நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன். இரத்தக் கசிவுக்கு வைட்டமின் கே கொடுக்கலாம், அதற்குத் தடையில்லை. மருந்து போகும் நாட்களில் வேறு தண்ணீர்த் தொட்டியோ குட்டையோ கோழிக்கு எட்டக் கூடாது. மருந்துத் தண்ணீரைத் தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கூளத்தில் கையால் ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்தை அள்ளி வெளியேற்றிவிட்டுக் காய்ந்த உமி போட வேண்டும். வழக்கமான கிருமிநாசினிகள் காக்சிடியா முட்டையின் ஓட்டைத் துளைப்பதில்லை. அதை அடக்குவது கூளத்தைக் காய வைப்பதும் காற்றோட்டமும்தான்.

கணக்கைப் பார்க்கலாம். மிஞ்சிய 862 கோழி, சராசரி 1.72 கிலோ, 44 நாள். மொத்த எடை ஏறக்குறைய 1,483 கிலோ, தின்ற தீவனம் 3,150 கிலோ. தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம், 2.12. இதே ஷெட்டில் முந்தைய பேட்சுகள் 38 நாளில் 1.65-ல் முடிந்தன. அந்த விகிதத்தில் இதே எடைக்கு 2,450 கிலோ போதும். ஆக 700 கிலோ தீவனம் சும்மா போனது. கூடவே ஆறு நாள், பிறகு ஷெட்டைக் கழுவிக் காயப்போட வழக்கத்தைவிடப் பத்து நாள். செத்த 138-ம் எடை இழந்ததும் தனி. மூலிகையால் கிடைக்கக்கூடிய லாபம் நன்றாகப் போனாலும் விகிதத்தில் இரண்டாம் தசம இடத்தில்தான் தெரியும். நான் இழந்தது முதல் தசம இடத்தில். இந்த வித்தியாசத்தை யோசித்துத்தான் எதையும் மாற்ற வேண்டும்.

இனி மூலிகையைப் பற்றி. தாவரச் சேர்மானம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளவு தானாகப் புரியும். ஓமத்தில் இருக்கும் தைமால், ஆரிகனோ செடியில் இருக்கும் கார்வக்ரால், கிராம்பில் இருக்கும் யூஜினால் போன்றவை பாக்டீரியாவின் மேல்சவ்வைக் கலைத்துப் பலவீனப்படுத்துகின்றன. காரமும் மணமும் உள்ளவை செரிமான நீர் சுரப்பைத் தூண்டுகின்றன. மிளகாயைப் பற்றி ஒரு சுவையான செய்தி: பறவையின் நரம்பில் உள்ள கார உணர்விக்கு கேப்சைசின் உறைப்பதில்லை, ஆகவே மிளகாய்த் தூள் சேர்த்தால் கோழி தீனியை வெறுக்காது. கசப்பு அப்படி இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் மொத்தத்தில் 2 முதல் 5 சதவீதம்தான், அதிலும் குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சொற்பம். மிளகின் பைப்பரின் அந்த உறிஞ்சலைக் கூட்டும். அதே பைப்பரின் மற்ற மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டக்கூடும் என்பதால், சிகிச்சை நடக்கும் நாட்களில் மிளகை நிறுத்திவிடுகிறேன். பூண்டில் அல்லிசின் என்பது நசுக்கும்போதுதான் உண்டாகிறது. அதை உண்டாக்கும் என்சைம் சூட்டில் செத்துவிடும். அதிக வெப்பத்தில் உலர்த்திய பூண்டுத் தூளில் வாசம் இருக்கும், வேலை குறைவாக இருக்கும்.

இப்போது நான் நிலையாக வைத்திருக்கும் அளவு டன்னுக்கு மஞ்சள் 5 கிலோ, பூண்டுத் தூள் 5 கிலோ. அவ்வளவுதான். முதல் வாரம் இதில் பாதி. வேப்பிலையை முழுவதும் விட்டுவிட்டேன், தீனி எடுப்பதைக் குறைக்கும் எதுவும் கறிக்கோழிக்கு ஆகாது. முருங்கை இலைத் தூள் நல்ல பொருள், தோலுக்கும் காலுக்கும் மஞ்சள் நிறம் தரும். ஆனால் நார் உள்ளது, ஆகவே தீவனச் சூத்திரத்தில் மற்ற பொருளைக் குறைத்துக் கணக்கிட்டுத்தான் சேர்க்க வேண்டும், மேலே கொட்டக் கூடாது. கடையில் கிடைக்கும் எண்ணெய் வகைச் சேர்மானம் என்றால் டன்னுக்குச் சில நூறு கிராம் போதும், லேபிளில் உள்ளதைத் தாண்ட வேண்டாம். குருணைத் தீவனம் அழுத்தும்போது வெப்பம் 80 டிகிரியைத் தாண்டும், சாதாரண எண்ணெய் அதில் ஆவியாகிவிடும். உறையிட்ட வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தூள் வாங்கும்போது முதலில் ஈரம் பார்க்கிறேன். கையில் அள்ளி இறுக்கினால் கட்டியாக நிற்கும் தூள் வேண்டாம். ஈரமான தூளில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வந்தால், நோய் எதிர்ப்பைக் கூட்டக் கொடுத்த பொருளே ஈரலைக் கெடுத்து எதிர்ப்பைக் குறைக்கும். நாமே இலை உலர்த்தினால் நிழலில், மெல்லப் பரப்பி, காம்பு சட்டென்று ஒடியும் வரை. மஞ்சளில் செயற்கை நிறம் கலப்படம் உண்டு. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்துச் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, வரும் ஊதாச் சிவப்பு மேலும் தண்ணீர் ஊற்றிய பிறகும் மறையாமல் நின்றால் அதில் மெட்டானில் எல்லோ இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள்.

கலப்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன். 500 கிலோ தீவனத்துக்கு மஞ்சளும் பூண்டும் சேர்ந்து 5 கிலோ. அதை நேராக மிக்சரில் கொட்டினால் ஒரு மூலையில் குவியும். 5 கிலோவோடு 5 கிலோ மக்காச்சோள மாவு சேர்த்துக் கையால் புரட்டி, அந்தப் பத்தோடு இன்னும் பத்து, அந்த இருபதோடு இன்னும் இருபது. இந்த 40 கிலோவை, மிக்சரில் பாதித் தீவனம் விழுந்த பிறகு போட்டு, மீதியை மேலே போட வேண்டும். படுக்கை மிக்சர் என்றால் ஐந்து நிமிடம், செங்குத்து மிக்சர் என்றால் பதினைந்து நிமிடம். பிறகு 1 சதவீதம் தாவர எண்ணெய், அதாவது 5 கிலோ, பூவாளி போலத் தூவி இன்னும் ஐந்து நிமிடம் ஓட விட வேண்டும். எண்ணெய் பொடியைக் குருணையோடு ஒட்ட வைக்கும், தட்டின் அடியில் தங்காது. எண்ணெயின் எரிசக்தியைச் சூத்திரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கலந்தது சரியா என்று பார்க்க மஞ்சளே ஒரு வசதி தருகிறது. மிக்சரில் முதலில், நடுவில், கடைசியில் விழும் தீவனத்திலிருந்து ஒவ்வொரு கைப்பிடி எடுத்து வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, சலவைச் சோடா கரைத்த தண்ணீரைத் தெளியுங்கள். மஞ்சள் இருக்கும் இடமெல்லாம் சிவப்பாக மாறும். மூன்று காகிதத்திலும் ஒரே போலப் புள்ளி விழுந்தால் கலவை சரி.

இரண்டாம் பேட்சில் காக்சிடியா மருந்தைத் திரும்பக் கொண்டுவந்தேன், அந்த வகையில் நிம்மதி. ஆனால் தீவனத்துக்குப் பதில் தண்ணீரில் மூலிகை எண்ணெய் கொடுத்துப் பார்த்தேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்ற எளிய உண்மையை மறந்துவிட்டேன். தொட்டியின் மேல் மிதந்து, தண்ணீர் குறையக் குறையக் கடைசியில் மொத்தமாகக் குழாயில் இறங்கியது. பத்தாம் நாள் தண்ணீர் செலவு திடீரென்று குறைந்தது. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் ஒன்றைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருக்கும் குண்டைச் சுற்றிப் பசை போலக் கொழகொழப்பு. கறிக்கோழி தின்னும் தீவனத்தைப் போல ஏறக்குறைய 1.8 முதல் 2 மடங்கு தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்த அன்றே தீனி குறையும். நிப்பிளில் ஒரு நிமிடம் வடியும் தண்ணீரை அளந்து பாருங்கள். கோழியின் வயதை வாரத்தில் எடுத்து 7-ஆல் பெருக்கி 20-ஐக் கூட்டினால் வருவதுதான் மில்லிலிட்டரில் இருக்க வேண்டிய அளவு, மூன்றாம் வாரத்தில் 41. எனக்கு 15 வந்தது. நான்கு நாள் வளர்ச்சி போனது. தண்ணீரில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நீரில் கரையும்படி தயாரித்ததை மட்டும், ஒரு நாளில் சில மணி நேரம், முடிந்ததும் குழாயை அழுத்தத்தோடு அலசிவிட வேண்டும்.

தடுப்பூசி நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கழிச்சல், கம்போரோ நோய்களுக்குத் தண்ணீரில் கொடுக்கும் தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள வைரஸ். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் எண்ணெயோ, குளோரினோ, அமிலமோ குழாயில் இருந்தால் அந்த வைரஸும் சாகலாம். முந்தைய நாளிலிருந்தே இவை எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் தண்ணீரால் குழாயை அலசி, கொழுப்பு நீக்கிய பால் பவுடர் லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து கால் மணி நேரம் வைத்து, பிறகு தடுப்பூசி. அடுத்த நாள்தான் மற்றவை. தீவனத்தில் இருக்கும் மஞ்சள், பூண்டை நிறுத்தத் தேவையில்லை.

மூன்றாம் பேட்சிலிருந்துதான் ஒழுங்காகச் சோதிக்கத் தொடங்கினேன். ஒரே ஷெட்டில் வலை கட்டி 200, 200 பிரித்தேன். ஒரே நாள் குஞ்சு, ஒரே தீவனம், ஒரு பக்கம் மட்டும் மூலிகை. வெயில் படும் பக்கம் எப்போதும் ஒரே கூட்டத்துக்குப் போகாமல் அடுத்த பேட்சில் பக்கத்தை மாற்றினேன். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பக்கமும் 30 கோழி, கண்ணுக்குப் பட்ட பெரியதைப் பிடிக்காமல் ஒரு மூலையில் வலை போட்டு மடக்கி, மடங்கிய அத்தனையையும் எடை போட்டேன். தீவனத்தைத் தனித்தனியே எடை போட்டுக் கொட்டினேன், செத்த கோழியின் எடையையும் எழுதினேன். மூன்று பேட்சில் இரண்டு முறை மூலிகைப் பக்கம் விகிதத்தில் 0.03, 0.04 முன்னே நின்றது. ஒரு முறை இரண்டும் சமம். கூளம் மூலிகைப் பக்கம் கொஞ்சம் காய்ந்திருந்ததாக எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை அளக்கவில்லை. ஒப்பிட ஒரே எண் வேண்டுமென்றால் உயிருடன் இருக்கும் சதவீதத்தைச் சராசரி எடையால் பெருக்கி, அதை நாளும் தீவன விகிதமும் பெருக்கி வருவதால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 95 சதவீதம், 2.1 கிலோ, 38 நாள், 1.65 என்றால் 318 வரும். ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். குஞ்சு, தீவன ஆலை, மூலிகை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசி வரை தெரியாது.

பிடிப்பதற்கு ஒரு வாரம் முன்பு பூண்டை நிறுத்திவிடுகிறேன், அளவு கூடினால் இறைச்சியில் வாசம் ஏறலாம் என்பதால். காக்சிடியா மருந்தை நிறுத்தும் நாள் மருந்துக்கு மருந்து மாறும், லேபிளில் உள்ளபடி இறுதித் தீவனம் மாற்ற வேண்டும். அந்தக் கடைசி நாட்களில் கூளம் நனையாமல் பார்ப்பதுதான் காவல். ஒவ்வொரு முறை கலந்த தீவனத்திலும் கால் கிலோ எடுத்து, தேதியும் மூலிகைத் தூள் வாங்கிய மூட்டை எண்ணும் எழுதிய காகிதத்தோடு கட்டி, கடைசிக் கோழி விற்கும் வரை வைத்திருக்கிறேன். முதல் பேட்சில் மருத்துவர் முதலில் கேட்டது அந்தத் தீவனத்தைத்தான். மூட்டையெல்லாம் உதறி முடிந்துவிட்டது என்றுதான் அன்று சொல்ல முடிந்தது.